பழைய மை போத்தலோட வயச எப்படி கணிக்கிறது

போன வருஷம் சிங்கப்பூர்ல பெரியப்பாவோட தோ பாயோ வீட்ட காலி பண்ணும்போது கட்டிலுக்கு அடியில ஒரு பிஸ்கட் டின் கிடைச்சது, திறந்து பாத்தா நாலு மை போத்தல். எல்லாம் தாத்தாவோடது. அவரு மார்க்கெட் ஸ்திரீட்ல செட்டியாருங்க வட்டித்தொழில் பண்ணின கிட்டங்கில கணக்கு எழுதினவரு. அத்தை அத காராங்கூனிக்கு, அதான் பழைய சாமான் வாங்கறவருக்கு, போட பையில கட்டியே வெச்சிட்டாங்க, நான்தான் அத்தை இத மட்டும் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். அதுல ஒண்ணு எட்டுப் பட்டையா, வெளிர் நீலப்பச்சையில, உள்ளங்கைக்குள்ள அடங்குற சைசு, வாய் மட்டும் யாரோ ஒடச்ச மாதிரி சொரசொரப்பு. இணையத்துல தேடுனேன், வாய் இப்படி முடிக்காம இருந்தா 1860-க்கு முன்னாடின்னு ஒரு அட்டவணை சொல்லிச்சு, உடனே குடும்ப குரூப்ல தாத்தாவோட 1850 போத்தல்னு போட்டோ போட்டேன், எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அது தப்பு. இருபதுல இருந்து எழுபது வருஷம் வரைக்கும் தள்ளிப்போன தப்பு. எங்க தப்புனேன்னு புரிஞ்சதுக்கு அப்புறம் நிறைய போத்தல கையில எடுத்துப் பாத்தாச்சு, அதனால வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு வெச்சிருக்கறவங்களுக்காக இத எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வெச்சிக்கங்க. இணையத்துல கிடைக்கிற வயசு அட்டவணை பெரும்பாலும் அமெரிக்கா போத்தலுக்கு போட்டது. அங்க மெஷின் சீக்கிரம் வந்துருச்சு, ஓஹாயோல மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல முழுசா தானா ஓடுற போத்தல் மெஷின ஓட வெச்சுட்டாரு, 1920 வாக்குல கையால ஊதுறது அங்க ரொம்பவே கொறஞ்சு போச்சு. ஆனா சிங்கப்பூருக்கு அந்தக் காலத்துல கப்பல்ல வந்த மை இங்கிலாந்து, ஜெர்மனி, பிறகு ஜப்பான்னு வந்தது. அங்கெல்லாம் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துலயே மலிவு மை போத்தல கையால ஊதிக்கிட்டும் இருந்தாங்க. அதனால அமெரிக்கா அட்டவணைய வெச்சு நம்ம ஊர் போத்தல பாத்தா நெசமான வயச விட கூடத்தான் வரும். இத முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நான் அந்த 1850-ஐ போட்டிருக்க மாட்டேன்.

போத்தல் கைக்கு வந்ததும் கழுவாதீங்க. ப்ளீஸ். நான் ரெண்டாவது போத்தல தண்ணில ஊறப்போட்டேன், பாதி லேபிள் கரைஞ்சு போச்சு, அதுல இருந்த கடை அட்ரஸ் இனிமே யாருக்கும் கிடைக்காது, இப்பவும் அத நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. முதல்ல நாலு பக்கமும், அடியும், வாயும் போட்டோ எடுங்க, லேபிள் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்தா அதையும் கிட்ட வெச்சு எடுங்க. சாமான்னு பெருசா ஒண்ணும் வேணாம், போன் டார்ச்சு, நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கற மாதிரி பத்து மடங்கு பெருசா காட்டுற லென்சு, முடிஞ்சா நோட்டு செக் பண்ற மாதிரி ஒரு யூவி டார்ச்சு. அப்புறம் உங்க விரல் நகம், அதுதான் இதுல எல்லாத்தையும் விட உபயோகம்.

வாய்ல ஆரம்பிங்க. போத்தலோட வாய்தான் கடைசியா செய்யற இடம், அதனால எப்படி செஞ்சாங்கன்னு அங்கதான் நல்லா தெரியும். பக்கவாட்டுல மேல இருந்து கீழ ஒரு மெல்லிசான கோடு ஓடும், கண்ணாடிய உள்ள ஊதுற மோல்டு, அதாவது அச்சு, ரெண்டா சேர்ற இடம் அது. அந்தக் கோட்டு மேல நகத்த குறுக்கால வெச்சு அடியில இருந்து மேல கொண்டுபோங்க, கண்ணுக்கு தெரியாத கோடு கூட நகத்துல தட்டும். கோடு கழுத்துலயே மறைஞ்சு, வாய் சுத்தி வழவழன்னு இருந்தா, ஊதி எடுத்த பிறகு வாய திரும்ப சூடாக்கி கருவி வெச்சு சுத்தி முடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், அது பொதுவா 1870-ல இருந்து 1920 வரைக்கும். கழுத்துல தனியா ஒரு வளையம் கண்ணாடிய ஒட்ட வெச்ச மாதிரி, கீழ ஓரத்துல கொஞ்சம் வழிஞ்ச மாதிரி தெரிஞ்சா அது அதுக்கும் முந்தின பழக்கம், 1880-களோட பெரும்பாலும் முடிஞ்சு போச்சு. கோடு வாய் ஓரத்து மேலயே ஏறி அந்தப் பக்கம் உள்ள வரைக்கும் போச்சுன்னா மெஷின், 20-ஆம் நூற்றாண்டு, அதுல சந்தேகம் வேணாம்.

இங்கதான் எல்லாரும் மாட்டுற இடம், கொஞ்சம் பொறுமையா படிங்க. இங்கிலாந்துல ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் கிளார்க்குக்கும் ஒரு பென்னிக்கு மை வித்தாங்க, அதனால அந்த குட்டி போத்தலுக்கு பென்னி இங்க்னே பேரு. விலை ஒரு பென்னின்னா போத்தலுக்கு எவ்ளோ செலவு பண்ண முடியும், வாய சூடாக்கி சுத்தி முடிக்கிற வேலைய அப்படியே விட்டுட்டாங்க. ஊதின உடனே ஊதுகுழல்ல இருந்து டக்குன்னு ஒடச்சு எடுத்து, மைய ஊத்தி, ஒரு தக்கைய சொருகி மெழுகு வெச்சு அடச்சு அனுப்பிட்டாங்க, அவ்ளோதான். அதனால வாய் சொரசொரப்பா இருக்கறது பழமைக்கு அடையாளம் கிடையாது, மலிவுக்கு அடையாளம். இப்படி ஒடச்ச வாய் போத்தல் 19-ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சு 1920 வாக்கு வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தது. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, மோல்டு ஒடக்கிற இடம் வரைக்கும் போறதால கோடும் வாய் வரைக்கும் போகும், அத பாத்து மெஷின் போத்தல்னு தூக்கி போட்டுறாதீங்க. கோடு ஓரத்துல வந்து நிக்குதா, ஓரத்த தாண்டி மேல ஏறி போகுதா, அதுதான் கேள்வி. லென்சு வெச்சு பாத்தா ஒரு நொடில தெரிஞ்சிரும்.

அடுத்து அடிப்பக்கம். கவுத்து வெச்சு டார்ச்ச சாய்வா அடிங்க. நடுவுல வட்டமா ஒரு கரடான தழும்பு, தொட்டா விரல்ல குத்துற மாதிரி இருந்தா அது பான்டில் தழும்பு, வாய முடிக்கும்போது போத்தல புடிச்சிக்க ஒரு இரும்புக் கம்பிய அடியில ஒட்டி வெப்பாங்க, அத பிரிச்ச எடம். 1850, 60-கள்ல அடிய கவ்வி புடிக்கிற இடுக்கி மாதிரி ஒண்ணு பழக்கத்துக்கு வந்த பிறகு இந்தத் தழும்பு கொறஞ்சு போச்சு. நெறைய பேரு தழும்பு இல்லன்னா 1860-க்கு அப்புறம்னு உடனே சொல்லிருவாங்க. ஆனா யோசிச்சு பாருங்க, கம்பி எதுக்கு, வாய முடிக்கத்தான். வாய முடிக்கவே இல்லாத பென்னி இங்க்குக்கு கம்பியே தேவைப்படல, அதனால தழும்பு இல்லாததும் அங்க எதையும் சொல்லாது. எங்க தாத்தாவோட போத்தல்ல நான் பண்ணின தப்பே இதுதான், வாய்க்கு ஒரு அட்டவணை, அடிக்கு ஒரு அட்டவணைன்னு தனித்தனியா பாத்தேன், ரெண்டும் ஒரே கையோட ஒரே வேலைன்னு யோசிக்கல.

கோடு அடியில குறுக்கால நேரா ஓடுதா, இல்ல அடியோட ஓரத்துல வட்டமா நிக்குதான்னும் பாருங்க. குறுக்கால ஓடுனா கீல் வெச்ச ரெண்டு பலகை மோல்டு, அது பழைய முறை, 1870-களுக்கு அப்புறம் அரிது. அடியில வட்டமா, நடுவுல இல்லாம ஒரு பக்கமா தள்ளி, ஓரம் இறகு மாதிரி பிசிறு பிசிறா ஒரு தழும்பு இருந்தா அது ஓவன்ஸ் மெஷின் வெட்டுன எடம், 1904-க்கு அப்புறந்தான். பான்டிலயும் இதையும் போட்டு நெறைய பேரு கொழப்பிக்கறாங்க. பான்டில் விரல்ல குத்தும், இது பெரும்பாலும் ஒரு மெல்லிசான கோடு, அவ்ளோதான்.

சில போத்தல்ல கோடே இருக்காது, வெளிச்சத்துல பாத்தா மேலெல்லாம் குறுக்குவாட்டுல மெல்லிசான கீறல் மாதிரி சுத்திச் சுத்தி ஓடும். மோல்டுக்குள்ள போத்தல சுத்தி எடுத்தது அது, 1880-களுக்கும் முதல் உலகப்போருக்கும் நடுவுலன்னு தோராயமா வெச்சிக்கலாம். உருண்டைப் போத்தல்ல மட்டும்தான் இது நடக்கும், பட்டை வெச்ச போத்தல சுத்த முடியாதே.

கலர பத்தி நெறைய பேசுவாங்க, நான் அதுக்கு ரொம்ப மதிப்பு குடுக்க மாட்டேன். நீலப்பச்சை மணல்ல இருக்கற இரும்பால வர்ற இயல்பான கலர்தான், நூறு வருஷமா மலிவு போத்தல் எல்லாம் அந்தக் கலர்தான். உபயோகமா ஒண்ணு சொல்லணும்னா இளம் ஊதா. கண்ணாடிய நிறமில்லாத வெள்ளையாக்க மாங்கனீசு கலந்தாங்க, அந்தக் கண்ணாடி வருஷக்கணக்கா வெயில்ல கிடந்தா மெல்ல ஊதாவா மாறும், அது 1880-ல இருந்து முதல் உலகப்போர் காலம் வரைக்கும் நெறைய நடந்தது. யூவி லைட்ல அந்தக் கண்ணாடி மங்கலா பச்சையா தெரியும். ஆனா விக்கறவங்க சிலரு கதிர்வீச்சுல வெச்சு கருஊதாவா மாத்தி கூட விலை கேக்கறாங்க, திராட்சை ஜூஸ் மாதிரி அடர்த்தியா இருந்தா வாங்காதீங்க. உங்க வீட்டு வெள்ளைப் போத்தல ஊதாவாக்கணும்னு பால்கனில வெயில்ல வெக்காதீங்க, அது தானா திரும்ப மாறாது.

உள்ள இருக்கற நீர்க்குமிழி, ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் மெல்லிசா இருக்கறது, இதெல்லாம் கையால ஊதினதுன்னு சொல்லும், வருஷம் சொல்லாது. வெளிய வானவில் மாதிரி மினுங்குற படலமும் அப்படித்தான், மண்ணுல ஈரம் எப்படின்றத பொறுத்தது அது. நம்ம ஊர் ஈர மண்ணுல சீக்கிரமே வந்துரும், அத வெச்சு நூறு வருஷம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எழுத்துக்கு வருவோம், இங்கதான் நெசமாவே வருஷம் கிடைக்கும். கண்ணாடியிலயே எழும்பி நிக்கிற எழுத்துல ஒரு டயமண்ட் வடிவம், அதோட மூலையிலெல்லாம் எழுத்து, உச்சில வட்டத்துக்குள்ள ரோமன் எண் மூணு இருந்தா அது பிரிட்டன்ல டிசைன் பதிஞ்ச முத்திரை. ரோமன் மூணுன்னா கண்ணாடி வகைன்னு அர்த்தம். 1842-ல இருந்து 1883 வரைக்கும்தான் இந்த முத்திரை. 1884-ல இருந்து டயமண்ட விட்டுட்டு ஆர்.டி. (Rd) நம்பர்னு, அதாவது டிசைன் பதிவு எண்ண, ஒண்ணுல இருந்து வரிசையா போட ஆரம்பிச்சாங்க. 1890 ஆரம்பத்துல 141,000 பக்கம், 1900 ஆரம்பத்துல 351,000 பக்கம், 1905-ல 447,000 பக்கம். உங்க போத்தல்ல 360,000-னு இருந்தா டிசைன் பதிஞ்சது 1900. போத்தல் அந்த வருஷமேதான் செஞ்சதுன்னு சொல்ல முடியாது, அதே மோல்ட வெச்சு பதினஞ்சு வருஷம் கூட ஊதியிருக்கலாம். அதுக்கு முன்னாடி இல்லன்னு மட்டும் உறுதி.

நாட்டோட பேரும் உதவும். மேட் இன் ஜெர்மனின்னு போடணும்னு பிரிட்டன் சட்டம் போட்டது 1887-ல, அமெரிக்காவுக்கு போற சரக்குல நாட்டுப் பேரு போடணும்னு சட்டம் 1890-ல. மேற்கு ஜெர்மனின்னு இருந்தா 1949-க்கும் 1990-க்கும் நடுவுல. ஆக்குபைடு ஜப்பான்னு இருந்தா போர் முடிஞ்சதுக்கு அப்புறம் 1952-க்கு முன்னாடி, அது கிடைச்சா பத்திரமா வெச்சிக்கங்க.

கம்பெனி பேர வெச்சும் ஒரு கீழ் எல்லை கிடைக்கும். ஸ்டீபன்ஸ் லண்டன்ல 1832-ல ஆரம்பிச்சது, ரொம்ப காலம் ஓடுனதால பேரு மட்டும் பத்தாது. கார்ட்டர்ஸ் பாஸ்டன்ல 1858. ஷேஃபர் ஸ்கிரிப் மை 1922, பார்க்கர் குயிங்க் 1931, அதனால குயிங்க்னு எழுதின போத்தல யாராவது 1910-னு வித்தா சிரிக்காம நன்றி சொல்லிட்டு நகந்துருங்க. பெலிக்கான் 1838-ல இருந்து இருக்கு, அந்தப் பறவை முத்திரை 1878-ல வந்தது. அதுல குஞ்சுங்கள எண்ணிப் பாருங்க, 1930-களோட கடைசில ரெண்டு குஞ்சா கொறச்சாங்க, 2003-ல இருந்து ஒண்ணுதான். ரெண்டுக்கு மேல இருந்தா அதுக்கும் முந்தினது. சின்னப் பிள்ளைங்க கிட்ட குடுங்க, ரொம்ப ஆசையா எண்ணுவாங்க.

லேபிள் இருந்தா நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு வசதி இருக்கு, வெளிநாட்டு அட்டவணை எதுலயும் இது இல்ல. கடை அட்ரஸ்ல சிங்கப்பூர்னு போட்டு பக்கத்துல ஒரு இலக்கம் இல்ல ரெண்டு இலக்கம் மட்டும் இருந்தா அது 1950-க்கும் 1979-க்கும் நடுவுல, வட்டார எண் முறை 1950-ல வந்தது. நாலு இலக்கம்னா 1979-ல இருந்து 1995 வரைக்கும். ஆறு இலக்கம்னா 1995-க்கு அப்புறம். டெலிபோன் நம்பர் எட்டு இலக்கமா ஆறுல ஆரம்பிச்சா 2002-க்கு அப்புறம். அவுன்சுன்னு மட்டும் போட்டிருந்தா பழசு, மில்லிலிட்டர்னு மட்டும் இருந்தா பெரும்பாலும் 1970-களுக்கு அப்புறம், ஏன்னா அப்பத்தான் இங்க மெட்ரிக் அளவுக்கு மாறுனாங்க. 57 மில்லின்னு இருக்கற போத்தல் பாத்திருக்கீங்களா, ரெண்டு அவுன்ச அப்படியே மில்லியா மாத்தி எழுதுனது அது, மாறுற காலத்து போத்தல். ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்னு லேபிள்ல இருந்தா 1946-க்கு முன்னாடி அச்சடிச்சது. ஆனா லேபிள் கண்ணாடிக்கு அப்புறம் ஒட்டுனதுன்றத மறக்காதீங்க, காலி போத்தல்ல திரும்ப மை ஊத்தி வித்தது அந்தக் காலத்துல சர்வ சாதாரணம். கண்ணாடியும் லேபிளும் வேற வேற வருஷம் சொன்னா ரெண்டுமே உண்மையா இருக்கலாம்.

மூடி மாத்தக் கூடியது, அதனால மூடிய விட கழுத்துல மரை இருக்கான்னு பாருங்க. மை போத்தல்ல மரை வெச்ச கழுத்து 1920-களுக்கு அப்புறம்தான் பரவலாச்சு. மூடி பேக்லைட்ன்ற பழைய கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா அந்த மூடி 1907-க்கு முந்தினது இல்ல, பேக்லைட் கண்டுபிடிச்சதே அப்பத்தான்.

போலியும் இருக்கு. அடர் நீலத்துல, மொழுமொழுன்னு, அடியில ஒரு தேய்மானமும் இல்லாம, விலை மட்டும் நூறு வெள்ளின்னு இருந்தா லென்ச எடுங்க. நெசமா அம்பது நூறு வருஷம் மேசை மேல இழுபட்ட போத்தலோட அடியில எல்லாத் திசையிலயும் தாறுமாறா கீறல் இருக்கும், தரையில படுற ஓரத்துல மட்டும் இருக்கும். உப்புத்தாள் வெச்சு தேச்சதுல கீறல் எல்லாம் ஒரே பக்கமா, படாத குழியில கூட இருக்கும். பழைய சாமான் விக்கிற சுங்கை ரோடு திருட்டு மார்க்கெட் 2017 ஜூலைல மூடுற வரைக்கும் இதெல்லாம் கையில எடுத்து நேர்ல பாக்க முடிஞ்சது, அங்க உக்காந்திருந்த அங்கிள்மாருங்க அடியத்தான் முதல்ல திருப்பி காட்டுவாங்க. இப்ப ஆன்லைன்ல வாங்கும்போது அடியோட போட்டோவும் வாய் ஓரத்தோட போட்டோவும் கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுருங்க. இன்னொண்ணு, பழைய கட்டடம் இருந்த இடத்துல நாமளே தோண்டி எடுக்கலாமேன்னு தோணும், எனக்கும் தோணிச்சு. அரசாங்க நிலத்துலயோ பார்க்குலயோ அனுமதி இல்லாம தோண்டாதீங்க, சட்டப்படி தப்புன்றத விட, எந்த ஆழத்துல எதோட சேந்து கிடந்ததுன்ற விவரம் போயிருச்சுன்னா அது வெறும் போத்தல்தான்.

எல்லாத்தையும் பாத்த பிறகு எப்படி முடிவு பண்றது? ஒவ்வொரு அடையாளத்துக்கும் இந்த வருஷத்துக்கு முன்னாடி இல்ல, இந்த வருஷத்துக்கு பின்னாடி இல்லன்னு ரெண்டு எண்ண எழுதுங்க. கீழ் எல்லைல எது ரொம்ப புதுசோ அத எடுங்க, மேல் எல்லைல எது ரொம்ப பழசோ அத எடுங்க, நடுவுல மிச்சம் இருக்கறதுதான் பதில். ஒரு அடையாளம் 1840-னு சொன்னாலும் இன்னொண்ணு 1884-க்கு முன்னாடி வரவே முடியாதுன்னு சொன்னா 1840 செத்துப் போச்சு, அவ்ளோ ஆசைப்பட்டாலும். ஒத்த வருஷமா சொல்லாதீங்க, இருபது முப்பது வருஷம், சில சமயம் அம்பது வருஷ இடைவெளி கூட வர்றதுதான் நேர்மையான கணிப்பு.

எங்க எட்டுப் பட்டை போத்தலுக்கு இப்படி உக்காந்து எழுதிப் பாத்தேன். ஒடச்ச வாய், ஓரத்துல வந்து நிக்கிற கோடு, பான்டில் இல்ல, குறுக்கால கோடு இல்ல அடியோட ஓரத்துல வட்டமா நிக்குது, நம்பர் எதுவும் இல்ல. 1870-ல இருந்து 1920. தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி இங்க வந்தது 1927-னு அப்பா சொல்லுவாரு, அப்படின்னா போத்தல் அவருக்கு முன்னாடியே வந்துருச்சு, கிட்டங்கில யாரோ ஒரு கணக்குப்பிள்ளை வாங்கி வெச்சுட்டு போனது, காலியானதும் மையத் திரும்ப ஊத்தி ஊத்தி தாத்தா கை வரைக்கும் வந்திருக்கு. 1850-ஐ விட இது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. குரூப்ல திருத்தி போட்டப்ப பெரியப்பாதான் முதல்ல பதில் போட்டாரு, யாரோட பேனா முதல்ல அதுல முங்குச்சோன்னு.

கடைசியா பாதுகாப்பு. உள்ள காஞ்ச மை இருந்தா விட்டுருங்க, அதுவும் ஒரு தடயம். கட்டாயம் கழுவணும்னா பச்சத் தண்ணி மட்டும், சுடுதண்ணி ஊத்துனா பழைய கண்ணாடி விரிசல் விடும், டிஷ்வாஷர் பக்கமே போகக் கூடாது. லேபிள் இருக்கற போத்தல ஏர்கானுக்கு நேர் கீழயோ கிச்சன் ஜன்னல் பக்கமோ வெக்காம, சிலிக்கா பாக்கெட் ஒண்ணு போட்டு மூடி வெச்ச டப்பால வைங்க, நம்ம ஊர் ஈரத்துல ஒரே வருஷத்துல பூஞ்சை வந்துரும். போத்தல்ல பேனாவால எழுதாதீங்க. ஒரு சின்ன தாள்ல கணிச்ச வருஷம், எத வெச்சு கணிச்சீங்க, யார் வீட்டுல இருந்து எந்தத் தேதி வந்ததுன்னு எழுதி அதே டப்பால போட்டு வைங்க. எங்க தாள்ல அத்தையோட பேரையும் எழுதியிருக்கேன், அன்னைக்கு பையோட கட்ட அவுத்து டின்ன எடுத்து குடுத்தது அவங்கதான்.